அரிவாளைக் கீழே வையுங்க!

(தாடிக்கொம்பில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘வீட்டு மரத்தை நாமே வெட்டுவது சிக்கனமா? சிக்கலா?’ ‘சிக்கலே’ என்ற அணியின் தலைவர் பேசியது.)

மாண்பமை நடுவர் அவர்களே! சிக்கனம் சிக்கனம் என்று பேசி, பேசுகிற நேரத்தில் மட்டும் சிக்கனமே காட்டாத எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! குடகனாற்றங்கரையில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிற தாடிக்கொம்பில், வீட்டு வேலையை முடித்துவிட்டும் முடிக்காமலும் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே, சின்னவர்களே!

எதிரணியிலே பேசின சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. “நம்ம வீட்டு மரம். நாம வெச்சது. நாம தண்ணி ஊத்தி வளர்த்தது. அதை நாம வெட்டினா என்னங்க தப்பு?” கைதட்டு பலமா விழுந்தது. நானும் யோசிச்சுப் பார்த்தேன். நம்ம தலையும் நம்ம தலைதான். முடியும் நம்ம முடிதான். எண்ணெய் தேய்ச்சு நாமதான் வளர்த்தோம். அதுக்காக யாராவது கத்திரிக்கோலை எடுத்துப் பிடரியிலே தானே வெட்டிக்கிறோமா? (சிரிப்பு, கைதட்டல்) முடி திருத்துறவர்கிட்டப் போய்க் கழுத்தை நீட்டுறோம். இத்தனைக்கும் முடி தப்பா வெட்டினா ஒரு மாசத்திலே வளர்ந்துடும். முடி கீழே விழுந்து யாருக்கும் மண்டை உடைஞ்சதில்லை.

பக்கத்திலே இருக்கிற திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். மாங்காய்ப் பூட்டுன்னு ஒண்ணு உண்டு, பெரியவங்களுக்குத் தெரியும். அந்தப் பூட்டு திறக்கலைன்னா நாம கழட்டிப் பார்க்கிறதில்லை. பூட்டுக்காரரைத் தேடிப் போறோம். மாங்காய்ப் பூட்டுக்கு ஆள் தேடுறவர், மாமரத்துக்கு மட்டும் தானே ஏறிடுறார்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். மேடை ஏறினா சங்க இலக்கியம் வராமல் போகாது. வந்துவிட்டது. (சிரிப்பு) பழந்தமிழ் நாட்டில் அரசர்களுக்குக் காவல் மரம் என்று ஒன்று உண்டு. பகைவன் அந்த மரத்தை வெட்டிவிட்டால் நாடே தோற்றதாகப் பொருள். மோகூரை ஆண்ட பழையன் என்பவனுடைய காவல் மரம் வேம்பு. சேரன் செங்குட்டுவன் படையோடு வந்து அந்த வேம்பை வெட்டினான். வெட்டிய மரத்தை யானைகளைப் பூட்டி இழுத்துச் சென்றான் என்று பதிற்றுப்பத்து சொல்கிறது. ஒரே ஒரு வேப்பமரம். அதற்கு ஒரு பேரரசன், ஒரு படை, யானைகள். நம்ம வீட்டுக்காரர் என்ன வெச்சிருக்கார்? ஓர் அரிவாள், மடிச்சுக் கட்டின கைலி, கீழே கயிறு பிடிக்க ஒரு மச்சான். (பலத்த சிரிப்பு) அந்த மச்சானும் ஒரு கையிலே கயிறு, இன்னொரு கையிலே செல்போன்!

சிரிக்கிறோம். சிரிச்சுக்கிட்டே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிளை. ஓரடி விட்டம், பத்தடி நீளம். கொல்லையிலே இருக்கிற வேம்பிலோ புங்கையிலோ சாதாரணமா இருக்கிற கிளைதான். காய்ந்த விறகை வெச்சு அதனுடைய எடையைக் கணக்குப் போடாதீங்க. பச்சை மரத்துக்குள்ளே பாதிக்குப் பாதி தண்ணீர் நிற்கிறது. இந்தக் கிளை ஏறக்குறைய 200 கிலோ வரும். இலை, கொப்பு எல்லாம் சேர்க்காமலே! 200 கிலோன்னா நாலு சிமென்ட் மூட்டை. பதினைந்து அடி உயரத்திலிருந்து அது விழுந்தா, தரையைத் தொட ஒரு விநாடி முழுசா ஆகாது. தொடுகிறபோது வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். ஒரு விநாடியிலே என்ன பண்ண முடியும்? “ஐயோ”ன்னு சொல்ல வாயைத் திறக்கலாம். சொல்லி முடிக்க முடியாது.

எதிரணித் தலைவரைக் கேட்கிறேன். உங்க தலைக்கு மேலே நாலு சிமென்ட் மூட்டையைக் கட்டித் தொங்க விட்டுட்டு, “ஐயா, இந்தக் கயிற்றை நீங்களே அறுங்க, கூலி மிச்சம்”னு சொன்னா அறுப்பீங்களா? (கைதட்டல்) மூட்டைன்னா பயப்படுறோம். மரம்னா பயமில்லை. ஏன்னா அது நம்ம வீட்டு மரம், தினமும் பார்க்கிற மரம். அதிலே ஊஞ்சல் கட்டியிருக்கோம், மாட்டைக் கட்டியிருக்கோம், சம்பந்தி வந்தா கட்டிலைப் போட்டு உட்கார வெச்சிருக்கோம். பழகின முகமாச்சேன்னு ஒரு தைரியம். பழகினது நிழலோடதானே? எடையோட என்னைக்குப் பழகினோம்?

“நாங்க என்ன காளிதாசனா, உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுறதுக்கு?”ன்னு எதிரணி நண்பர் கேட்டார். ரொம்பச் சரி. காளிதாசனுக்குச் சொல்கிற கதையிலே அவருக்கு அப்புறம் கவி கட்ட வந்தது. நமக்கு வரப்போறது புத்தூர்க் கட்டு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஆனா ஒண்ணு. உட்கார்ந்த கிளையை வெட்டுறவன் ஊருக்கு ஒருத்தன்கூட இருக்க மாட்டான். ஏணியைச் சாத்தின கிளையை வெட்டுறவன் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கான். அதிலே என்ன ஆகும்னு பாருங்க. கிளை தன் பாரத்தாலே தாழ்ந்து நிற்குது. அதன் மேலே ஏணியைச் சாத்தி ஏறுறோம். நுனியை வெட்டினவுடனே பாரம் போயிடுது. பாரம் போன கிளை சும்மா இருக்காது, மேலே எழும்பும். ஏணிக்குத் தலையிலே பிடிமானம் போச்சு. வெட்டின கிளை ஒரு பக்கம் விழும், ஏணி ஒரு பக்கம் விழும், நடுவிலே நம்ம ஆள் அரிவாளோட விழுவார்.

இன்னொண்ணு, இது பலபேருக்குத் தெரியாது. கிளையை மேலேயிருந்தே அறுத்துக்கிட்டு வர்றோம். முக்கால்வாசி அறுபட்டதும் கிளை பாரம் தாங்காம மடியும். மடியிறப்போ அடிப்பக்கத்துப் பட்டை அறுபடாம இருக்கும். அது அடிமரத்திலேருந்து நீளமா உரிஞ்சுக்கிட்டு வரும். அந்தப் பட்டையையே கயிறாக் கொண்டு கிளை ஊஞ்சல் மாதிரி அடிமரத்தை நோக்கி வீசும். அடிமரத்துக்கிட்ட யார் நிற்கிறா? ஏணியிலே நாம நிற்கிறோம்!

தெரிஞ்சவர் எப்படிச் செய்வார்? கிளை பிறக்கிற இடத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் அடிப்பக்கத்திலிருந்து கால்பாகம் அறுப்பார். பிறகு அதற்கும் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுப்பார். கிளை பட்டையை உரிக்காமல் துண்டாய் விழும். கடைசியில் மிச்சமிருக்கிற குட்டையைத் தனியாக எடுப்பார். மூன்று அறுப்பு. அதற்கு முன்னாடியே கிளையில் வடக்கயிறு கட்டி, மேலே ஒரு கவையிலே போட்டு, கீழே ரெண்டு பேர் பிடிச்சு இறக்குவாங்க. இதை நான் சொல்லிட்டேன்னு நாளைக்குக் காலையிலே யாரும் ஏறிடாதீங்க! நீச்சல் எப்படி அடிக்கிறதுன்னு நானும் ஒரு மணி நேரம் பேசுவேன். என்னைக் குடகனாற்றிலே தண்ணி வர்றப்போ இறக்கிப் பார்த்தாத் தெரியும். (சிரிப்பு)

இந்த ஊர்க் கோயில் மண்டபத்திலே தூண் சிற்பங்களைப் பார்க்காதவங்க இங்கே இருக்க மாட்டீங்க. விரல் நகம் வரைக்கும் கல்லிலே செதுக்கியிருக்கான். அந்தச் சிற்பியும் உளியாலே வெட்டினவன்தான். நாமும் வெட்டுறோம், அவனும் வெட்டினான். அவனுக்குக் கல்லிலே எங்கே ஓட்டம் இருக்கு, எங்கே தட்டினா எது உதிரும்னு தெரியும். மரத்துக்கும் அப்படி ஒரு ஓட்டம் உண்டு. முருங்கை பார்க்கிறதுக்குத் திடமா இருக்கும், மடார்னு ஒடியும், சொல்லிட்டு ஒடியாது. புளி அவ்வளவு லேசிலே ஒடியாது. ஆனா வயசான மரம் உள்ளே பொந்தாகி இருக்கும், வெளியே பச்சையா இருக்கும். பொந்துக்குள்ளே என்ன குடியிருக்குன்னு கையை விட்டப்புறம்தான் தெரியும்.

கதண்டுக் கூடு தெரியாம ஏறி, கொட்டு வாங்கிக் கையை விட்டு விழுந்தவங்க உண்டு. கதண்டு கடிச்சே உயிர் போனதும் நம்ம தமிழ்நாட்டிலே அடிக்கடி செய்தியிலே வர்றதுதான். கூடு இருந்தா தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க, வந்து அழிச்சுத் தருவாங்க. பந்தத்தைக் கொளுத்திக்கிட்டு நாமளே ஏறுறது, நடுவர் அவர்களே, அனுமாருக்கு மட்டும்தான் சரிப்பட்டு வந்தது! (சிரிப்பு)

அடுத்து மின்சாரம். எதிரணியிலே ஒருத்தர்கூட இதைத் தொடலை. தொடாம இருந்தது நல்லதுதான். (சிரிப்பு) வீட்டுக்கு வர்ற கம்பியிலே 230 வோல்ட். தெருவிலே போற பெரிய லைன்னா 11,000 வோல்ட். பச்சைக் கிளைக்குள்ளே தண்ணி ஓடுதுன்னு சொன்னேனே, அந்தத் தண்ணியே மின்சாரத்துக்கு வழி. கிளை ஒரு நுனியிலே கம்பியைத் தொட்டா, மறு நுனியைப் பிடிச்சிருக்கிறவர் கையிலே மின்சாரம். அலுமினிய ஏணியா இருந்தா கேட்கவே வேண்டாம். முருங்கைக்காய் பறிக்கிறேன்னு இரும்புக் குழாயிலே தொரட்டி கட்டி, மேலே கம்பி போறதைப் பார்க்காம நீட்டி, உயிரை விட்டவங்க செய்தியைக் காலைப் பத்திரிகையிலே எத்தனை முறை படிச்சிருக்கோம்? படிச்சிட்டு “அடப்பாவமே”ன்னு சொல்லிட்டு, அடுத்த பக்கம் ராசிபலன் பார்க்கிறோம்.

இதிலே கெட்டிக்காரங்க சிலர் இருக்காங்க. “இன்னைக்கு ஒன்பதிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் இல்லை, இப்போ வெட்டிடலாம்”னு ஏறுவாங்க. மின்வாரியத்துக்குச் சொன்னீங்களா? சொல்லலை. அவங்க வேலை மூணு மணிக்கே முடிஞ்சிட்டா மூணு மணிக்கே லைனைப் போடுவாங்க. நீங்க மரத்து மேலே இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? கம்பி பக்கத்திலே கிளை இருந்தா, அதுக்குன்னு மின்வாரியத்திலே ஆள் இருக்காங்க. பராமரிப்பு நாளிலே வந்து அவங்களே வெட்டுறாங்க. பிரிவு அலுவலகத்திலே எழுதிக் கொடுங்க. 2021லேருந்து மின்னகம்னு ஒரு சேவை இருக்கு, 94987 94987ன்னு ஒரே எண்தான், ராத்திரியும் பகலும் எடுப்பாங்க. வர ரெண்டு நாள் ஆகலாம். ஆகட்டுமே! மரம் எங்கேயும் ஓடிப் போகாது.

அப்படியே யாரையாவது மின்சாரம் பிடிச்சிட்டா, பெத்த பிள்ளையா இருந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்லே மின்சாரத்தை நிறுத்தணும். தெருக் கம்பியா இருந்தா மின்வாரியம் நிறுத்தினதாச் சொல்ற வரைக்கும் கிட்டவே போகக் கூடாது. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு பேர், ரெண்டு பேரைக் காப்பாத்தப் போய் மூணு பேர்னு ஒரே குடும்பத்திலே போனது உண்டு. தாய்மார்கள் இதை மனசிலே வெச்சுக்கணும். முதல்லே ஓடுறது நீங்கதான்.

இந்தப் பக்கம் தென்னந்தோப்பு நிறைய. தென்னை ஏறுறது தொழில். அந்தத் தொழில் தெரிஞ்சவர் கையை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணை வைப்பார். அடிமரத்தைச் சுற்றி வருவார். தூரிலே செம்பழுப்பா சாறு வடியுதா, காளான் முளைச்சிருக்கான்னு பார்ப்பார். இருந்தா ஏற மாட்டார். ‘தஞ்சாவூர் வாடல்’ என்று பெயர் பெற்ற நோய் அது. 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதித் தென்னைகளில் கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். நோய் தூரை உள்ளே அரிச்சிடும். மேலே குலை தொங்கிக்கிட்டிருக்கும். கூன்வண்டு துளைச்ச மரம்னா குருத்தோட தலையே சாய்ஞ்சு விழும். நமக்கு மேலே இருக்கிற இளநீர்தான் கண்ணுக்குத் தெரியுது. அவருக்குத் தூர் தெரியுது.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று ஒரு பயிற்சியைத் தொடங்கியது. ஏறுவதற்குக் கருவி, எப்படி ஏறணும்னு பயிற்சி, கூடவே ‘கேரா சுரக்ஷா’ன்னு ஒரு காப்பீடு. பயிற்சி எடுத்து, தினமும் ஏறி இறங்குறவருக்கே காப்பீடு வேணும்னு வாரியம் நினைக்குது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆடி அம்மாவாசைக்கு லீவு விட்டாங்கன்னு ஏறுறவருக்கு என்ன இருக்கு? மாமியார் வேண்டுதல் ஒண்ணுதான் இருக்கு! (பலத்த சிரிப்பு)

இப்போ கொஞ்சம் சிரிப்பை நிறுத்தி ஒரு செய்தி சொல்றேன், நடுவர் அவர்களே.

1975-இல் ஒரு கல்லூரி மாணவர். கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போகிறார். உடல் தகுதிச் சோதனை. உயரத்திலிருந்து விழுகிறார். கழுத்தில் தண்டுவடம் அடிபடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் சொன்னபடி கேட்கவில்லை. அவர் பெயர் எஸ். ராமகிருஷ்ணன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கு வழி காட்டியவர். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். (கைதட்டல்) கைதட்ட வேண்டியதுதான். ஆனா அவர் மாதிரி மன உறுதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர் இருபது வயசுப் பையன், நல்ல உடற்கட்டு, கடற்படைக்குத் தேறுகிற அளவுக்குத் திடகாத்திரம். அவருக்கே ஒரு விழுதல் போதுமானதாக இருந்தது.

நம்ம நாட்டுக் கிராமப்புறங்களிலே முதுகுத் தண்டு அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட எப்படி அடிபட்டதுன்னு கேட்டா, வண்டி விபத்துக்கு ஈடா வர்ற பதில், “மரத்திலேருந்து விழுந்துட்டேன்” என்பதுதான். விழுந்தவருக்கு நாற்பது வயசு. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. அவர் இனிமே கட்டிலிலே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடணும், படுக்கைப் புண் வராம பார்க்கணும், சிறுநீருக்குக் குழாய் மாத்தணும். செய்யப் போறது யார்? அன்னைக்குக் கீழே நின்னு, “பார்த்துங்க, வேண்டாங்க, ஆளைக் கூப்பிட்டுக்கலாங்க”ன்னு சொன்ன அந்த அம்மாதான். அவர் மிச்சம் பிடிச்சது ஒரு நாள் கூலி. அவங்க கொடுக்கிறது மிச்ச ஆயுசு.

(அரங்கில் அமைதி)

இதையும் சொல்லிடறேன். யாராவது மரத்திலேருந்து விழுந்துட்டா, பாசத்திலே ரெண்டு பேர் கை, ரெண்டு பேர் கால்னு தூக்கி ஆட்டோவிலே மடக்கிப் போடாதீங்க. எலும்பு முறிஞ்சதோட போயிருக்க வேண்டியது, மடக்கிறப்போ தண்டுவடமே போயிடும். அசைக்காம, கழுத்து திரும்பாம பிடிச்சுக்கிட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. தண்ணி கொடுக்கிறேன்னு தலையைத் தூக்காதீங்க.

சரி, எதிரணித் தலைவர் கஜா புயலைச் சொன்னார். “புயல்லே மரம் விழுந்தப்போ நாங்களே வெட்டி வழி பண்ணினோமே, யார் வந்தா?”ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டா தென்னையை எல்லாம் சாய்ச்சுப் போட்டு, நம்ம திண்டுக்கல் மாவட்டத்து வழியாத்தான் கேரளத்துக்குப் போனது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தப்போ சென்னையிலே தெருவுக்குத் தெரு மரம். அப்போ ஊரே சேர்ந்து கை கொடுத்தது உண்மை. அந்த இளைஞர்களைக் கும்பிடுறேன். ஆனா ஐயா, நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம்தான் பொல்லாதது. விழுந்த மரம் பொணம் மாதிரி கிடக்கிறதா நினைக்கிறோம். அது வளைச்சு வெச்ச வில்! ஒரு கிளை தரையிலே ஊன்றி வளைஞ்சு நிற்கும். அதை அறுத்தவுடனே நாண் அறுந்த வில் மாதிரி விரிஞ்சு அடிக்கும். வேரோட சாய்ஞ்ச மரத்தை நடுவிலே துண்டு போட்டா, பாரம் இல்லாம போன தூர் வேரோட படார்னு நிமிர்ந்து பழைய குழியிலேயே போய் உட்காரும். அந்தக் குழியிலே பிள்ளைங்க எட்டிப் பார்த்துக்கிட்டு நிற்கும். அதுக்கு அடியிலே அறுந்த கரண்ட் கம்பி கிடக்கும். வழி அடைபட்டு உயிருக்குப் போராடுறப்போ வெட்டுறது வேற. காற்று ஓய்ஞ்ச மறுநாள், கொல்லையிலே கிடக்கிற மரத்தை விறகாக்கலாம்னு மெஷின் ரம்பத்தை வாடகைக்கு எடுத்துட்டு வர்றது வேற.

அந்த மெஷின் ரம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போ ஆன்லைன்லே ஆர்டர் போட்டா வாசல்லே வந்து கொடுத்துட்டுப் போறான், வெண்டைக்காய் வாங்குற மாதிரி. அதிலே சங்கிலி ஓடுற வேகம் விநாடிக்கு 20 மீட்டர் அளவிலே. பட்டையோட நுனி மேல்பக்கம் எதிலேயாவது முட்டினா, மெஷின் அறுக்காது. துள்ளி, பிடிச்சிருக்கிறவர் முகத்தைப் பார்த்து வரும். அதை ஏணியிலே நின்னு, ஒரு கையாலே பிடிக்கிறார் நம்மாளு. இன்னொரு கை? மரத்தைக் கட்டிப்பிடிச்சிருக்கு! (சிரிப்பு)

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சிடறேன் ஐயா. மரத்துக்காக ரெண்டு நிமிஷம் கொடுங்க. மரம் பேசாது, நான்தான் பேசணும்.

நற்றிணையிலே ஒரு தலைவி, தான் விதை போட்டு வளர்த்த புன்னை மரத்தைத் தன் தங்கையாவே நினைக்கிறா. தங்கை நிற்கிற இடத்திலே காதலனோட பேசக் கூச்சப்படுறா. அப்படி மரத்தை வீட்டு மனுஷியா வெச்சிருந்த மரபு நம்முடையது. நாம என்ன பண்றோம்? “மொட்டை அடிச்சா நல்லாத் தழையும்”னு உச்சியோட வெட்டுறோம். தழையுது, உண்மைதான். வெட்டின இடத்திலே கொத்துக் கொத்தாப் புதுக் கொம்பு வருது. பழைய கிளை மாதிரி அது மரத்தோட நெஞ்சுக்குள்ளேயிருந்து வர்றதில்லை, மேலாக ஒட்டிக்கிட்டு நிற்குது. நாலு வருஷத்திலே கனமாகும். ஆடிக் காற்றுக்கு முறிஞ்சு ஓட்டு மேலே விழும். அப்புறம் சொல்றோம், “இந்த மரம் ராசியில்லை.”

அமெரிக்காவிலே அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் இருந்தார், அந்நாட்டு வனத்துறை விஞ்ஞானி. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கிலே பிளந்து பார்த்தவர். அவர் கண்டு சொன்னது: மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. நமக்குப் புண் ஆறிப் புதுத் தோல் வர்ற மாதிரி அதுக்கு வராது. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கெட்டதை உள்ளேயே அடைச்சு வெச்சுட்டு மேலே வளரும். கிளை பிறக்கிற இடத்திலே கழுத்து மாதிரி ஒரு புடைப்பு இருக்கு பாருங்க, அதுதான் அந்தச் சுவருக்கு அஸ்திவாரம். நாம அழகா இருக்கட்டும்னு அதையும் சேர்த்து மொழுக்குன்னு சீவுறோம். தார் பூசுறோம், சாணி பூசுறோம். பூசினா அழுகல் நிற்காதுன்னும் அவர் ஆராய்ச்சி சொன்னது. இன்னைக்குச் சீவினது பத்து வருஷம் கழிச்சுப் பொந்தாகும். அப்போ அந்தக் கிளைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறது நம்ம பேரனா இருக்கும்.

காம்பவுண்டுச் சுவர் கட்டுறோம்னு ஒரு பக்கத்து வேரைக் கொத்தி எடுக்கிறதும் இதிலே சேர்த்திதான். மரம் உடனே விழாது. நம்மளை மறக்க வெச்சு, அடுத்த காற்றுக்கு விழும்.

“அப்போ நாங்க ஒண்ணுமே பண்ணக் கூடாதா? பூஜை பண்ணிட்டே இருக்கணுமா?”ன்னு கேட்பாங்க. பண்ணலாம். கால் ரெண்டும் தரையிலே இருக்கணும். கை தோளுக்கு மேலே போகக் கூடாது. வெட்டுற கொம்பு கட்டைவிரல் பருமன். பக்கத்திலே கம்பி இருக்கக் கூடாது. இதுக்குள்ளே எவ்வளவு வேணும்னாலும் வெட்டுங்க. செம்பருத்தியை வெட்டுங்க, மருதாணியை வெட்டுங்க, கறிவேப்பிலையை ஒடிச்சு ரசத்திலே போடுங்க. (சிரிப்பு) சின்னக் கன்றா இருக்கிறப்பவே கோணலாப் போற கொம்பைக் கிள்ளி விட்டுட்டா, இருபது வருஷம் கழிச்சு ஏணியே தேவைப்படாது. அதைச் செய்யுங்க, அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. அதுக்கு மேலே போறதெல்லாம் தெரிஞ்சவர் வேலை.

தெரிஞ்சவர்னு சொல்றேனே, அவரும் மனுஷன்தான், அவர் எலும்பும் எலும்புதான். கூலி ரெண்டாயிரம் கேட்கிறார்னு எதிரணிச் சகோதரி ரொம்ப வருத்தப்பட்டாங்க. பட்டுச் சேலைக்கு அவங்க பேரம் பேசியிருப்பாங்களான்னு தெரியலை. (சிரிப்பு) பேரம் பேசறதிலே அவர் ஒரு ஆளைக் குறைச்சுக்குவார். குறையுறது கயிறு பிடிக்கிற ஆளாத்தான் இருக்கும். குடிச்சிட்டு வந்திருந்தா, கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்க, ஏத்தாதீங்க. மழை ஈரத்திலே, காற்று அடிக்கிறப்போ ஏறச் சொல்லாதீங்க. அவர் இறங்கினப்புறம், “ஏப்பா, அப்படியே அந்த ஒரு கொப்பையும்”னு சொல்லாதீங்க. அந்த ‘அப்படியே ஒண்ணு’தான் களைச்ச கை வழுக்குற நேரம். வேலை நடக்கிறப்போ பிள்ளைங்களை வீட்டுக்குள்ளே வெச்சுக்கங்க, வண்டியை எடுத்து வேற தெருவிலே விடுங்க, மச்சான்கிட்டேயிருந்து போனை வாங்கி வெச்சுடுங்க!

(மீண்டும் மணி)

அவ்வளவுதான் ஐயா, இறங்கிட்டேன். எதிரணித் தலைவர் வீட்டிலே நீளமான ஏணி ஒண்ணு இருக்காம், தெருவிலே எல்லாருக்கும் இரவல் கொடுப்பாராம், அவரே பேச்சிலே சொன்னார். அண்ணே, நாளைக்கு யாராவது அதைக் கேட்டு வந்தா, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுங்க.

(பலத்த கைதட்டல்)